பத்தாவது ஆள்: கூட்டு வழிபாட்டின் எண்ணும் சபரகமுவத் தோட்டங்களின் காமன்கூத்தும்

மலையகத்தின் நாட்டார் கலைகள் பற்றி எழுந்த ஆய்வுகளுட் பெரும்பாலானவை பாடலையும் கதையையும் முதன்மைப்படுத்தின. பின்னர் வந்தவை ஆட்டம், ஒப்பனை, வாத்தியம் என்பனவற்றையும் கருத்திற் கொண்டன. ஒரு கலை நிகழ்வதற்கு எத்தனை பேர் வேண்டும், அவர்கள் யார், அவ்வெண்ணிக்கை குறையுமிடத்து அக்கலைக்கு நேர்வது யாது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. ஆளெண்ணிக்கை என்பது புறச்சூழல் பற்றிய செய்தி. அது சமூகவியலார்க்கு உரியது. கலைத் திறனாய்வுக்கு அதனோடு தொடர்பில்லை என்றோர் எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதைச் சபரகமுவ மாகாணத் தோட்டங்களின் காமன்கூத்தைக் கொண்டு நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு வேண்டிய உரைகல்லை யூத சமயத்திலிருந்து பெறுகின்றோம். தொலைவிலுள்ள ஒரு சமயத்தின் விதியை இங்குக் கொணர்வதேன் என்று கேட்கலாம். பிற சமூகங்கள் வழக்கத்தில் விட்டுவைத்த ஒன்றை யூதர் சட்டமாக வகுத்தனர். இரண்டாயிரம் ஆண்டுகளாக அதன் நுணுக்கங்களை விவாதித்தும் வந்துள்ளனர். எனவே, நம்மிடம் மறைந்து கிடப்பது அங்கு வெளிப்படையாக நிற்கின்றது.

1

யூதர் தனியே வழிபடலாம், அதற்குத் தடையில்லை. எனினும் சில வழிபாட்டுக் கூறுகளுக்குப் பத்துப் பேர் கூடியிருத்தல் வேண்டும். இக்கூட்டத்திற்கு 'மின்யான்' என்று பெயர். எண்ணுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. பத்துப் பேருக்குக் குறைவான இடத்திற் செய்யலாகாதவை இவையென மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பின் மெகில்லாப் பகுதி நிரல்படுத்துகின்றது. வேதச் சுருளைப் பொதுவில் ஓதுதலும், வழிபாட்டுக்கு அழைக்கும் வாசகமும், இறைவனின் தூய்மையைப் போற்றும் பகுதியும் இவற்றுள் அடங்கும். பிற்காலத்தில் இறந்தோர்க்காக உறவினர் சொல்லும் 'கத்தீஷ்' மன்றாட்டும் இவ்வரம்பினுள் வந்தது.

பத்து என்னும் எண் பெறப்பட்ட முறை சிந்தனைக்குரியது. கானான் நாட்டை உளவறியச் சென்ற பன்னிருவருள் யோசுவா, காலேப் என்னும் இருவர் நீங்கலாக ஏனைய பதின்மரும் நம்பிக்கையிழந்து மக்களைக் கலங்கச் செய்தனர். எண்ணாகமம் அவர்களைக் கண்டிக்குமிடத்து 'சபை' என்னும் சொல்லால் அவர்களைச் சுட்டுகின்றது. பதின்மர் சேர்ந்தால் சபை என்னும் முடிவைத் தல்மூத் அறிஞர் இதிலிருந்தே பெற்றனர். புனித வழிபாட்டுக்குரிய எண்ணை நல்லோரிடமிருந்து பெறாது நம்பிக்கையற்றோரிடமிருந்து பெற்றமை தற்செயலாயினும் பொருள் பொதிந்தது. கூடுவோரின் தகுதியை இவ்விதி அளப்பதில்லை. ஒன்பது பேரறிஞர் கூடினும் சபையாகாது. எழுத்தறியாத பத்துச் செருப்புத் தொழிலாளர் கூடினால் அது சபையாகும் என்பது யூதரிடையே வழங்கும் ஒரு கருத்து. அறிவும் பக்தியும் தனி மனிதரின் உடைமைகள். சபையோ அவற்றின் கூட்டுத்தொகையினின்றும் வேறான ஒரு பொருள்.

இதனினும் வியப்புக்குரியது, அவர்கள் ஆட்களை எண்ணும் முறை. மனிதரைத் தலை தலையாக எண்ணுதல் ஆகாதென்பது பழைய யூத மரபு. தாவீது அரசன் மக்களைக் கணக்கெடுத்ததால் கொள்ளைநோய் வந்ததென்று விவிலியம் கூறும். மோசேயின் காலத்து விதிப்படி ஒவ்வொருவனும் அரைச் சேக்கல் நாணயம் செலுத்துவான். எண்ணப்படுவது நாணயமேயன்றி மனிதனல்லன். இன்றும் தொழுகைக் கூடத்திற் பத்துப் பேர் உளரா என அறிய, பத்துச் சொற்களாலான ஒரு சங்கீத வாசகத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்க்கும் வழக்கம் உண்டு. அவ்வாசகம் மக்களைக் காக்குமாறு இறைவனை வேண்டுவது. ஆள் தொகையாவதற்கு முன் ஒரு சொல்லாகின்றான். அவனின்றி வாசகம் முற்றுப்பெறாது.

2

இவ்விதியின் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. எண் என்று ஒன்று இருக்குமிடத்து எண்ணப்படாதோரும் இருப்பர். பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்களே மரபுவழி மின்யானில் அடங்குவர். பெண்கள் அதே கூரையின் கீழ் நின்று வழிபட்டாலும் எண்ணில் அடங்கார். சீர்திருத்தப் பிரிவினர் இவ்வேறுபாட்டைக் கைவிட்டனர். அமெரிக்கப் பழமைபேண் பிரிவின் சட்டக்குழு 1973இல் பெண்களையும் எண்ணலாமென இசைந்தது. மரபுவழியினர் இன்றும் இசையவில்லை.

தல்மூத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ரபி எலியேசர் தொழுகைக் கூடத்திற்குச் சென்றபோது பத்துப் பேர் இருக்கவில்லை. அவர் தம் அடிமையை விடுதலை செய்து அவனைக் கொண்டு எண்ணை நிறைவாக்கினார். அடிமையை விடுவித்தல் தகாதென்றொரு விதி அக்காலத்தே இருந்தது. பலருக்குரிய கடமையை நிறைவேற்றும் பொருட்டு அதனை மீறலாம் என்பது அங்குக் கூறப்படும் சமாதானம். இந்நிகழ்ச்சி கருணையின் கதையன்று, தேவையின் கதை. எண்ணிக்கை நிறைந்திருந்த நாளெல்லாம் அவ்வடிமை வாசலில் நின்றவனே. எண் குறைந்த நாளிற்றான் அவன் மனிதனாகக் காணப்பட்டான். எண்வரம்பு கதவை அடைக்கவும் செய்யும். குறைவு நேரும்போது அடைத்த கதவைத் திறக்குமாறு வற்புறுத்தவும் செய்யும். இவ்விரு முகங்களையும் நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இந்தியாவிற் கொச்சி யூதரின் வரலாறு இவ்விரண்டையும் காட்டுகின்றது. மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி தொழுகைக் கூடத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்களுக்குச் சம இருக்கை மறுக்கப்பட்டிருந்தது. அவர்களுள் ஒருவராகிய வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) காந்திய வழியில் அதனை எதிர்த்துப் போராடினார். தடைகள் தளர்ந்தன. ஆயின் 1948இல் இஸ்ரேல் தோன்றிய பின்னர் கொச்சி யூதருட் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். வேற்றுமை பாராட்டிய அக்கூடமே பின்னாளில் தன்னூராரைக் கொண்டு பத்துப் பேரைத் திரட்ட இயலாது, வெளியூர் யூதரின் வருகையை எதிர்நோக்கும் நிலையை அடைந்தது. கட்டிடமும் சுருளும் விளக்குகளும் அப்படியே உள்ளன, சபை இல்லை.

3

எண்வரம்பு என்பது யூதர்க்கே உரியதென நாம் கருதவேண்டியதில்லை. சபரகமுவவிலேயே அதனைக் காணலாம். மாவனல்லை போன்ற ஊர்களில் வாழும் இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மரபினர். அம்மரபில் வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகைக்கு நாற்பது ஆடவர் வேண்டுமென்பது பொதுவான விதி. பௌத்த விநயமும் இதனையொப்பது. உபசம்பதா வழங்குவதற்கு மத்திய தேசத்திற் பத்துப் பிக்குகளும் எல்லைப்புற நாடுகளில் ஐந்து பிக்குகளும் தேவை. பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் முறைப்படி உபசம்பதா பெற்ற ஐவரைத் தானும் திரட்ட இயலாது போயிற்று. வெலிவிட்ட சரணங்கரரின் தூண்டுதலால் கீர்த்திசிறி இராசசிங்கன் சீயத்திற்குத் தூதனுப்பினான். உபாலி தேரரும் உடன் வந்த பிக்குகளும் 1753இல் கண்டியில் உபசம்பதாவை மீட்டளித்தனர். நூல்கள் இருந்தன, விகாரைகள் இருந்தன, மன்னனின் ஆதரவும் இருந்தது. ஐந்து பேர் இல்லாமையால் ஒரு மரபே நின்றுபோயிருந்தது. அவ்வெண்ணை நிறைவாக்கக் கடல்கடந்து ஒரு கப்பல் வந்தது.

இந்தக் கப்பலை நினைவில் இருத்துவோம். இருநூறு ஆண்டுகளின் பின் எதிர்த்திசையில் சென்ற கப்பல்கள் பற்றி அடுத்துக் கூறவேண்டியிருக்கின்றது.

4

தோட்டம் என்னும் அமைப்பே எண்ணிக்கையின்மேல் எழுந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் ஆட்கள் நிறுத்தப்பட்டு எண்ணப்பட்டனர். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவெனப் பெரிய கங்காணிக்குப் பணம் சேர்ந்தது. கணக்குப்பிள்ளையின் ஏட்டில் ஒருவரின் நாள் 'பேர்' என்று பதிவாயிற்று. குறித்த அளவு கொழுந்து எடுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். பெயர் என்னும் சொல் ஒருவரின் தனித்தன்மையைச் சுட்டுவது. தோட்டத்தில் அது கூலியின் அளவாகியது. அளவாகியதால் பாதியாகவும் வெட்டப்பட்டது. மனிதனை எண்ணலாகாதென்று அரை நாணயத்தை எண்ணியது ஒரு மரபு. மனிதனையே அரையாக எண்ணியது மற்றொன்று.

இப்பகைப்புலத்திலேயே காமன்கூத்தை நோக்குதல் தகும். மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையளவிற் காமன் கம்பம் ஊன்றப்படும். காப்புக் கட்டியோர் விரதம் காப்பர். பகலில் மலையிலோ இறப்பர்க் காட்டிலோ வேலை. இரவில் ஒத்திகையும் பாடலும். முழுமதியை ஒட்டிய இரவிற் கூத்து உச்சம் பெறும். இரதியும் மன்மதனும் வேடமிட்டு இலயம் இலயமாகச் செல்வர். தவத்திலிருக்கும் சிவனை எழுப்பத் தூது வரும், மன்மதன் மலரம்பு தொடுப்பான், நெற்றிக்கண் திறக்கும், அவன் எரிவான். வைகறையில் இரதியின் புலம்பல் எழும். பின்னர் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு அவன் உயிர்பெறுவான்.

இக்கூத்துக்கு இத்தனை பேர் வேண்டுமென்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை. ஆயினும் அதன் யாப்பினுள்ளே ஓர் எண் பொதிந்துள்ளது. இரதி, மன்மதன், சிவன், தூதன், வீரபத்திரன், யமன், கோமாளி என வேடம் தரிப்போரை முதலில் எண்ணுவோம். பாடலறிந்து நடத்தும் வாத்தியாரும் பின்பாட்டுக்காரரும் தப்படிப்போரும் அவரோடு சேர்வர். இவர்களே பத்துப் பேரைக் கடந்துவிடுவர். இதனோடும் எண் முடிவதில்லை. இலயத்திற்கு இலயம் கூத்து நகர்வதால் ஒவ்வொரு வாசலிலும் விளக்கேற்றி வரவேற்கும் வீடு வேண்டும். இரவு முழுவதும் ஆடியவர் மறுநாட் காலை வேலைக்கிறங்க முடியாவிடின் அவரது குறையைத் தாங்கும் சுற்றம் வேண்டும். சிவனாக ஆடுபவர் இறக்க நேர்ந்தால் அடுத்த ஆண்டு அப்பாத்திரத்தை ஏற்க ஒரு மகனோ மருமகனோ அத்தோட்டத்திலேயே வளர்ந்திருத்தல் வேண்டும். வேடத்திற்கு ஆள், ஆளுக்குச் சுற்றம், சுற்றத்திற்கு அடுத்த தலைமுறை என மூன்றடுக்கில் அமைந்த எண் அது.

இரதியின் புலம்பலை இவ்விடத்துக் கத்தீஷ் மன்றாட்டோடு ஒப்பிடுதல் பயன் தரும். கத்தீஷ் இறந்தோர் பொருட்டுச் சொல்லப்படுவது. ஆயின் அதில் இறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது முற்றிலும் இறைபுகழ். துயருற்றவன் அதனைத் தனியே சொல்ல இயலாது. பத்துப் பேர் கூடி மறுமொழி கூறவேண்டும். பெற்றோரை இழந்தவன் பதினொரு மாதம் நாள்தோறும் அக்கூட்டத்தைத் தேடிச் செல்கின்றான். தன் துயரத்தோடு ஒருவனைத் தனியே விட்டுவிடாதிருக்கும் ஏற்பாடு அது. இரதியின் புலம்பல் வேறு வழியால் அதனையே எய்துகின்றது. எரிந்தவன் புராணத்து மன்மதன். அழுபவள் வேடமிட்ட ஓர் ஆடவன். ஆயின் சூழ்ந்திருக்கும் பெண்கள் தத்தம் இழவையும் அதிற் சேர்த்தே அழுகின்றனர். வீட்டு வாசலில் ஒப்பாரி ஒரு குடும்பத்தின் இழப்பைச் சொல்லும். காமன் பொட்டலில் எழும் புலம்பல் ஒரு தோட்டத்தின் இழப்பைச் சொல்லும். சூழ நின்று கேட்போர் இல்லையெனின் அது வெறும் பாட்டாகிவிடும்.

5

இனிச் சபரகமுவவின் தனித்த நிலைமைக்கு வருவோம். நுவரெலியாவிற் போல இங்குத் தோட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து பரந்து கிடப்பதில்லை. கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளிலும் இரத்தினபுரி மாவட்டத்தின் இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பகுதிகளிலும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. இறப்பர் மிகுந்த தோட்டங்களிற் குடித்தொகை மேலும் குறைவு. கொழுந்து பறித்தலுக்கு வேண்டிய அத்தனை கைகள் பால்வெட்டுக்கு வேண்டியதில்லை. ஆகவே இங்குக் கூத்தின் எண் தொடக்கத்திலிருந்தே வரம்பின் விளிம்பில் நின்றது. பெருந்தோட்டமொன்றில் ஐம்பது குடும்பங்கள் நீங்கினால் அது குறைவு. சிறுதோட்டமொன்றில் பத்துக் குடும்பங்கள் நீங்கினாலே அது முடிவு.

நீக்கம் பல வழிகளில் நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாட்டின் எண்ணிக்கைக்கு வெளியே நிறுத்தியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவிற்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பின்னர் தீர்மானிக்கப்படும். 1974இல் எஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்தியா ஏழு பேரை ஏற்க இலங்கை நால்வருக்குக் குடியுரிமை வழங்குமென்பது இதன் விகிதம். இது பிரட்டுக்களத்தின் கணக்கு, இரு அரசுகளின் மேசைக்கு ஏறிய வடிவமாகும். இரதி ஏழில் ஒருவராகவும் மன்மதன் நால்வரில் ஒருவராகவும் ஆனார்களா என்பது இருநாட்டுக் கோவைகளிலும் பதியப்படாத செய்தி. மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்த புகைவண்டிகளும், தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் சென்ற கப்பலும் அவர்களைக் கொண்டு சென்றன. 1753இல் எண்ணை நிறைவாக்க ஒரு கப்பல் வந்தது; இக்கப்பல்கள் எண்ணைக் குலைத்துச் சென்றன.

அதனோடும் அமையவில்லை. 1973–74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் தோட்ட மக்களைப் பலிகொண்டது. 1977 ஓகஸ்டில் நிகழ்ந்த வன்செயல்கள் தோட்டங்களையும் தாக்கின. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தின் தோட்டத் தமிழர் குறிவைத்துத் தாக்கப்பட்டனர், இலயங்கள் எரிந்தன. 1983 ஜூலையிலும் இம்மாவட்டம் தப்பவில்லை. பலர் வவுனியா முதலான வடபுல எல்லைப் பகுதிகளில் அடைக்கலம் புகுந்து, அங்கேயே குடியேறினர். நெற்றிக்கண்ணால் எரியும் மன்மதனை ஆண்டுதோறும் பாடி மீட்ட மக்கள் தம் குடியிருப்பு எரிந்தபோது மீட்பவரின்றி நின்றனர்.

6

இவ்வரலாற்றை அறியாத திறனாய்வு, காமன்கூத்து 'நலிவடைந்துவிட்டது' என எழுதுகின்றது. இளையோர்க்கு ஆர்வமில்லை, திரைப்படம் வந்தது, தொலைக்காட்சி வந்தது என்று காரணம் காட்டுகின்றது. இவற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் நலிவு என்னுஞ் சொல் கலையின் உள்ளிருந்து எழும் நோயைச் சுட்டுவது. ஒன்பது பேர் எஞ்சிய தொழுகைக் கூடத்தைப் பார்த்து யூதரின் பக்தி நலிந்தது என்று எவரும் கூறார். சபரகமுவவின் சிறுதோட்டமொன்றிற் கூத்து நின்றுபோயிருப்பின், பாடல் மறந்துபோனதா, பாடுவோர் அகற்றப்பட்டனரா என்று முதலிற் கேட்டறிதல் திறனாய்வாளரின் கடமை. முன்னையது கலை வரலாறு. பின்னையது அரசியல் வரலாறு. இரண்டையும் ஒரே சொல்லால் மூடுதல் ஆய்வுமன்று, அறமுமன்று.

பல்கலைக்கழகங்களைச் சார்ந்த நமக்கு இதில் ஒரு தனிப்பொறுப்பும் உண்டு. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களைப் பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். விடியவிடிய ஆடப்பட்டவை சுருங்கிய நேர அளவுக்குள் வந்தன. கற்றோர் இகழ்ந்த கலைக்கு மதிப்பை ஈட்டித்தந்த அப்பணியின் பெருமையை எவரும் மறுக்கவியலாது. எனினும் அதன் வழியே ஒரு பார்வையும் நம்மிடம் நிலைத்தது: ஆட்டமும் பாட்டும் கதையும் சேர்ந்தால் கூத்து, பார்ப்போர் எவராயினும் ஆகலாம். இன்று போட்டி மேடைகளில் நிமிடக் கணக்கில் ஆடப்படும் காமன்கூத்து அப்பார்வையின் தொடர்ச்சி. அங்கு இரதி அழகாகப் புலம்புகின்றாள். நடுவர் புள்ளி வழங்குகின்றனர். தன் இழவைச் சேர்த்து அழுவார் அம்மண்டபத்தில் இலர். இத்தகைய நிகழ்ச்சி வேண்டாததன்று. பாடலும் ஆட்டமும் அழியாது காப்பதற்கு அது உதவும். ஆயின் வேதச் சுருளைக் காட்சிப்பேழையில் வைத்துப் பேணுதலும் பதின்மர் கூடி அதனை ஓதுதலும் ஒன்றாகா.

இதற்கு மறுப்பொன்று கூறப்படலாம். யூதரின் பத்து இறைவிதி. காமன்கூத்தின் எண் நடைமுறைத் தேவை. இரண்டையும் ஒப்பிடுதல் பொருந்துமா? வேறுபாடு உண்மையே. விதித்த எண் கண்டிப்பானது. ஒன்பதில் நின்றால் நின்றதுதான். விதியாத எண் நெகிழ்வுடையது. தூதனே யமனாகவும் ஆடலாம். பக்கத்துத் தோட்டத்தார் வந்து சேரலாம். பதினைந்து நாள் மூன்று நாளாகலாம். ஆனால் இந்நெகிழ்விலேயே ஆபத்தும் உள்ளது. பத்தாவது ஆள் வராதபோது யூதர் அக்குறையை உடனே அறிவர். நெகிழும் கலையோ ஆண்டுக்கு ஒருவராக இழந்து கொண்டே செல்லும். எந்த ஆண்டில் அது சபையாக இருத்தல் ஒழிந்தது என்பதை எவரும் அறியார்.

எண்வரம்பின் இரண்டாம் முகத்தையும் இங்கு மறத்தலாகாது. இலயங்கள் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்ட தோட்டங்களிற் தப்பின்றிக் கூத்தில்லை; தப்படிப்போர்க்கோ சமமதிப்பில்லை. புலம்பலின் பொருளை மெய்யாக உணர்ந்தவர் பெண்கள். இரதியின் வேடம் மரபாக அவர்களுக்கில்லை. எண் நிறைந்திருந்த காலத்தில் இவ்விலக்குகளைப் பேணுதல் எளிதாயிருந்தது. எண் சுருங்கிய பின்பும் அவற்றைப் பேணுவோர், வாசலில் ஒருவன் நிற்கத் தொழுகையைக் கைவிட்டவராவர். எலியேசருக்கு வந்த நெருக்கடியே இன்று ஒவ்வொரு சிறுதோட்டத்துக்கும் வந்துள்ளது. மரபுத் தூய்மை பேசும் திறனாய்வு இவ்விடத்துத் தன் நிலையைத் தெளிவாக்க வேண்டும். ஒரு பெண் இரதியாக ஆடினால் அது மரபின் சிதைவா, சபையின் நிறைவா? தப்புக்காரர் வீட்டு இளைஞன் சிவனாக வந்தால் அது கலப்பா, நெடுநாள் நிலுவையின் தீர்வா? கூத்தின் உயிர் சபையில் உள்ளதென ஏற்போர்க்கு விடை கடினமன்று.

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கியது. நாட்டின் எண்ணிக்கைக்குள் அவர்கள் வந்துவிட்டனர். நமது ஆய்வின் எண்ணிக்கைக்குள் அவர்கள் இன்னும் முழுமையாக வரவில்லை. சபரகமுவத் தோட்டங்களிற் களப்பணி செய்யப் புறப்படும் மாணவர் பாடலைப் பதிவு செய்வதோடு நின்றுவிடாது, ஒவ்வொரு பாத்திரத்தையும் கடந்த தலைமுறையில் ஏற்றவர் யார், அவர் எங்குச் சென்றார், அவரிடத்தில் இன்று நிற்பவர் யார், எவரும் இல்லையாயின் எந்த ஆண்டிலிருந்து இல்லை என்பனவற்றையும் பெயர் பெயராகக் கேட்டெழுதுதல் வேண்டும். அரைப்பேராக வெட்டப்பட்டவர்களின் முழுப்பெயரை ஏட்டில் ஏற்றும் அப்பணி, கலைத் திறனாய்வின் புறத்தே நிற்பதன்று; அதன் முதற்படியாகும்.